பெயர் மட்டும் வந்த நகல்

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாலும், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். எண்பதுகளின் கடைசியில், காரைக்காலில் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தபோதும் அப்படித்தான்.

பழைய டிஸ்க்கில் இருந்ததைப் புதியதில் காப்பி செய்திருந்தோம். மாலைக்குள் பழையதை அழித்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்ப வேண்டும். மழைக்கால நிவாரணம் வாங்கும் மீனவக் குடும்பங்களின் பெயர்கள் அதில்தான் இருந்தன. எழுதி வாங்கிய தாள்கள் கூரை ஒழுகிக் கூழாகிவிட்டன. அத்தனை பெயரையும் ஊருக்கு ஒரு கோப்பாக டைப் செய்தவள், கிளிஞ்சல்மேடு என்ற மீனவ ஊர்ப் பெண், என்னைவிட இளையவள்.

"எல்லா ஊரும் வந்துருக்கு, தொறந்தும் பாத்தாச்சு. அப்பறம் என்னம்மா முழிக்கிற?" என்றார் அதிகாரி.

திறந்தது மட்டும் எனக்குப் போதவில்லை. எங்கள் பக்கம் மீனவ ஊர் ஒவ்வொன்றும் அரசு பிரித்த வட்டாரமான கொம்யூன் கணக்கிலும் வரும், மீனவர் பஞ்சாயத்துக் கணக்கிலும் வரும். இரண்டு தரம் வைக்க டிஸ்க்கில் இடமில்லை. அதனால் கோப்பைப் பஞ்சாயத்துப் பக்கம் வைத்து, கொம்யூன் பக்கம் சிம்பாலிக் லிங்க் மட்டும் போட்டிருந்தோம். அதே ஊர்கள்தானே என்று கொம்யூன் பக்கத்தை மட்டும் காப்பி செய்துவிட்டோம். லிங்க் என்பது, கடை அடுத்த தெருவுக்குப் போய்விட்டது என்று தொங்கும் அட்டை மாதிரி. வந்திருப்பது கடையா, அட்டையா? அட்டைதான் என்றாலும், பழைய டிஸ்க் இருக்கும்வரை அது திறக்கத்தான் செய்யும்.

ஒரு கோப்பில் அன்று மத்தியானம் சாப்பிட்ட மீனை எழுதினேன்: வஞ்சிரம். அதற்கு ஒரு லிங்க் போட்டு, அந்த லிங்க்கை, ஊர்களைக் காப்பி செய்த அதே கட்டளையால் காப்பி செய்தேன். நகலைத் திறந்தால் வஞ்சிரம் இருந்தது. அதிகாரி சிரித்தார். முதல் கோப்பை அழித்துவிட்டு நகலை மறுபடி திறந்தேன். அப்படியொரு கோப்பே இல்லை என்றது திரை. அவர் சிரிப்பு நின்றுபோனது.

லிங்க்கின் பின்னாலேயே போய்க் கோப்பை எடுத்துவரும்படி கட்டளையை மாற்றி, வஞ்சிரத்தை மறுபடி சோதித்தேன். இந்த முறை முதல் கோப்பை அழித்த பிறகும் நகல் திறந்தது. அதன் பிறகே ஊர்களைப் புதிதாகக் காப்பி செய்தேன்.

"இப்ப சரியா வந்துடுச்சு" என்று, பக்கத்தில் நின்ற கிளிஞ்சல்மேட்டுப் பெண்ணிடம் சொன்னேன்.

"பழைய டிஸ்க்கக் கழட்டிட்டுக் காட்டுங்கக்கா."

கழற்றினேன். அவள் புதிய டிஸ்க்கில் கிளிஞ்சல்மேட்டுக் கோப்பைத் திறந்து, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். அவள் அப்பா பெயர் வந்ததும் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கடைசிக் குடும்பம் வரை படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இப்ப பழச அழிக்கச் சொல்லுங்கக்கா."