சத்திரத்தின் பின்கதவு

மல்வேர்ன் பேருந்தில் காலையில் என் பக்கத்தில் அமர்பவர், ஆங்கிலத்தில் வந்த சீன வாள்வீரர் கதைகளை வாசிப்பார். அறுபது வயதிருக்கும், கைகளில் எண்ணெய் சுட்ட தழும்புகள். அந்தக் கதைகளில் சண்டை பெரும்பாலும் வழிச்சத்திரத்தில்தான் மூளும். மூண்டதும் வாசிப்பை நிறுத்தி, பக்க ஓரத்தில் பென்சிலால் சத்திரத்தைக் கீறுவார்: வாசல், மாடிப்படி, மேசைகள், சமையல் நடக்கும் குசினி.

“ஏன் அண்ணை கீறுறியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வீரர்மார் கூரையாலை பறந்திடுவினம், தம்பி. சமைக்கிறவன் எங்காலை ஓடுறது?”

அன்றைய படத்தில் குசினிக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது.

“உந்தக் கதவு கதையிலை இருக்கோ?”

“இல்லை. நான்தான் வைச்சனான்.”

அவர் கைத் தழும்புகளைப் பார்த்தேன்; யாரோ ஒரு சமையற்காரனுக்கு அப்படியொரு கதவு கிடைக்காமற் போயிருக்கிறது.