நான்கு கார்டும் ஒரு கண்டக்டரும்

ஆட்டோவில் மைக் கட்டி ஊர் சுற்றும் விளம்பரங்களுக்குப் பாட்டு எழுதுவது ஒரு தொழில். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் நம் புகழும் கூடவே திரும்பிப் போய்விடும். 2004-லிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு இதைத்தான் செய்துவந்தேன். கிட்டார் வாங்கிய முதல் மாதத்திலேயே விரல் நுனி பிய்ந்துபோனவர்களே, நீங்கள் எழுதிய பாட்டைக் கேட்டுவிட்டு உங்கள் அம்மாவும் "சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றியிருந்தால் நாமெல்லாம் ஒரே சாதி.

சுலபமான வழி

மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே அடியாக மீட்டினால் அது ஒரு கார்டு. சர்ச்சின் பாட்டுக் குழுவான கொயரில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடும் என் நண்பன் எட்வின் எனக்கு நான்கு கார்டு காட்டினான்: சி, ஏ மைனர், எஃப், ஜி. இதையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பாடு, பாட்டு தானாக வந்துவிடும் என்றான்.

வந்துவிட்டது. இப்படி ஒரு மெட்டு உலகத்திலேயே வந்ததில்லை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எஃப் மட்டும் விரலுக்குப் பிடிபடவில்லை. அது வரும் இடங்களில் இருமிக்கொண்டேன். எட்வின் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மச்சான், பாட்டு சூப்பரா இருக்குடா. என்ன, உனக்கு முன்னாடியே நெறைய பேரு எழுதிட்டாங்க."

ஜி-யில் நின்ற ஜவுளிக்கடை

ஜி கார்டுக்கு ஒரு குணம் உண்டு. பாட்டை அங்கே நிறுத்தினால் கேட்கிறவருக்கு இன்னும் ஏதோ வர வேண்டியிருக்கிறது போலவே இருக்கும். சி-க்குத் திரும்பினால்தான் மனசு ஆறும். புத்தி உள்ளவன் சி-யில் முடிப்பான். நான் அப்போது கலைஞனாக இருந்தேன். ஒரு ஜவுளிக்கடை பாய் ரம்ஜானுக்குக் கேட்ட பாட்டை வேண்டுமென்றே ஜி-யில் முடித்து, அந்த ஏக்கத்தில் ஜனங்கள் கடைக்கு ஓடி வருவார்கள் என்று விளக்கமும் கொடுத்தேன்.

பாய் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்த பிறகும் மூடியபடியே காத்திருந்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "தம்பி, பாட்டு பாதியில நிக்குதே. கடைய மூடிட்டு ஓடிட்டாங்கன்னு நெனச்சிக்கப் போறாங்க. வீடு வந்து சேர்ற மாரி ஒண்ணு போடுங்க."

எந்தப் படத்துக்கு?

என் விளம்பரங்களுக்குப் பெண் குரல் கொடுக்க சிதம்பரத்திலிருந்து மாலதி வருவாள். "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அது என்னிடம் மட்டும் சொல்வதாகத் தோன்ற ஆரம்பித்தது. 2010-இல் ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். அவளுக்குச் சம்மதம். அவள் அப்பா கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். அவரைத்தான் சம்மதிக்க வைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனேன். என்ன வேலை என்றார். பாட்டு எழுதுகிறேன் என்றேன். எந்தப் படத்துக்கு என்றார். ஆட்டோவுக்கு என்றேன். மாலதி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் யோசித்தார். பாட்டு பிடித்துப்போனால் ஜன்னலோர சீட்டில் யாராவது ஒருவர் அதை முணுமுணுத்தே தீருவார் என்பது அவருடைய சர்வீஸ் அனுபவம். ஆகவே தீர்ப்பு இப்படி வந்தது: "என் பஸ்ஸுல ஏறுற ஒரு பேசஞ்சரு, உன்னையும் தெரியாம, என்னையும் தெரியாம, சும்மா உன் பாட்ட பாடட்டும். நான் என் காதால கேக்கணும். அன்னிக்குப் பேசலாம். அதுவரைக்கும் என்னைய சார்னே கூப்புடு."

இரண்டு ஆட்டோக்கள்

2011-இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஒரே வார்டில் எதிரெதிராக நின்ற இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், என்னிடமே பாட்டு வாங்கிப் போனார்கள். மெட்டு வேறு, வார்த்தை வேறு. கார்டு மட்டும் அதே நான்கு, அதே வரிசை, அதே வேகம். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ஒருநாள் மைதானத்து ஓரம் இரண்டு ஆட்டோவும் நேருக்கு நேர் வந்து நின்றன. யாரும் சத்தத்தைக் குறைக்கவில்லை.

அடிதடி ஆகுமென்று ஓடினேன். ஆகவில்லை. ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வதுபோல இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று பொருந்திப்போய்விட்டன. ஜனங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வேட்பாளர்களில் வயதானவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நல்லாத்தான் இருக்குது தம்பி. ரெண்டும் சேந்து கேட்டா இன்னும் நல்லா இருக்குது. அதான் எனக்குப் புடிக்கல."

அந்த வாரம் அவள் அப்பாவின் பஸ்ஸில் ஒருவர் அதில் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே வந்தாராம். மாலதி சந்தோஷமாகப் போன் பண்ணினாள். அடுத்த நிமிஷம் போனை வாங்கி அவள் அப்பா சொன்னார்: "கரை வேட்டி கட்டிக்கினு பாடுனா கணக்குல சேராது."

கூட்டாளி

மேற்கொண்டு பொறுமையில்லாமல் எட்வினுக்கு டிக்கெட் காசு கொடுத்து அவர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நான் எழுதிய பாட்டை, காற்று வாங்கியபடி யதேச்சையாகப் பாட வேண்டும். எட்வினும் அழகாகத்தான் பாடினான். ஆனால் கொயரில் வருஷக்கணக்காக, மெட்டுக்குத் துணையாக வேறு ஸ்வரத்தில் ஓடும் இரண்டாவது குரலைப் பாடியே பழகியவன். பழக்கதோஷத்தில் மெட்டை விட்டுவிட்டு அதற்குத் துணைக் குரலைப் பாடியிருக்கிறான்.

என் பாட்டு ஒவ்வொன்றையும் கண்டக்டர் மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிவு தெரிந்துகொள்ள சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்ற என்னைப் பிடித்துக்கொண்டார். "பாட்ட பாடாம பாட்டுக்குப் பக்கத்துல பாடறானே, யாருய்யா அவன், உன் கூட்டாளியா?"

சாப்பாட்டு நேரம்

2012-இல் கரண்ட் எப்போது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இருந்தால் ரெக்கார்டிங், போனால் சும்மா உட்கார்ந்திருப்போம். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் மாலதி சொன்னாள், நெய்வேலியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, ஆவணிக்குள் முடிக்க வேண்டுமென்று அப்பா அவசரப்படுகிறார் என்று. அந்த நேரம் பார்த்து மாடியேறி வந்தவர் செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் லாரிக்காரர். "ஜனங்க சாப்புடற நேரத்துல ஆட்டோ போவும் தம்பி. கத்தக் கூடாது, நாத்தத்த ஞாபகப்படுத்தக் கூடாது. பதமா, மெதுவா, ஆறுதலா இருக்கணும்."

கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் முடித்தாக வேண்டியிருந்ததால் வெறும் கிட்டாரை வைத்துக்கொண்டு, அதே நான்கு கார்டில், பாதி வேகத்தில் போட்டேன். "நெறஞ்சு போச்சா, கவலை எதுக்கு? நாங்க இருக்கோம், நீங்க தூங்குங்க" என்று மாலதி பாடினாள். அழுதுவிட்டு வந்து பாடினாள்; குரலில் அது இருந்தது. திரும்பப் பாட வைக்க நேரமில்லை.

சில வாரம் கழித்து, இன்னும் ஆறு மாசம் அவகாசம் கேட்டுக் கெஞ்சுவதற்காக மாலதி அப்பாவின் பஸ்ஸில் ஏறினேன். ஏறியதுமே வாயில் விரலை வைத்துக் காட்டினார். மூன்றாவது சீட்டில் ஒரு பெண் மடியில் குழந்தையைத் தட்டிக்கொண்டே மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். நெறஞ்சு போச்சா, கவலை எதுக்கு. யார் பாட்டும்மா என்று அவர் ஏற்கெனவே விசாரித்திருக்கிறார். அவள் சொன்னாளாம்: "தெரியல சார், எங்க தெருவுல ஆட்டோவுல போவும். இத பாடுனாத்தான் இவன் தூங்கறான்." அது எதற்கான பாட்டு என்று அவர் அவளுக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஸ்டாப்பிங்கில் அவர் விசில் ஊதவில்லை. முன்னால் நடந்துபோய் டிரைவர் தோளைத் தொட்டுப் போகலாம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பையைத் திறந்தார். "செப்டிக் டேங்க் பாட்டுக்குப் பொண்ணு குடுத்தேன்னு ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். டிக்கெட்டு எடுங்க மாப்ள, சில்லறயா குடுங்க."

நான்கே கார்டை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன்: கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் போகலாம், அதுவும் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான்.