அறுபது மில்லித் தோட்டா

துப்பாக்கியை ஒப்படைத்துவிடும்படி கிள்ளான் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, "அப்போ பன்னிய யாரு சுடுறது? நீங்க வருவீங்களா?" என்று கேட்டேன். வந்தவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்கு வெளியே எங்களுக்கு மரவள்ளித் தோட்டம் இருந்தது. பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கும். அவை போன பிறகு ஒரு கிழங்குகூட மிஞ்சாது. துப்பாக்கி என் வீட்டுக்காரர் வாங்கியது. ஜெர்மன்காரர்களோடு நடந்த பெரிய சண்டைக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழைய ஜெர்மன் பட்டாளத் துப்பாக்கி அது. பின்னாலிருக்கும் கைப்பிடியைத் தூக்கி இழுத்து, தோட்டாவை உள்ளே தள்ளி, மடக்கிப் பூட்ட வேண்டும். துறைமுகத்தில் சங்கிலியில் சிக்கி வலது கையில் மூன்று விரல் போனபின், அவரால் அந்தக் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. "இனிமே நீதான்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கிற கிராணி விஷயத்தைச் சொன்னார். பட்டாளத் தோட்டாவைத் தனி ஆட்கள் வைத்திருக்கக் கூடாதாம். வேட்டைத் தோட்டா போடுகிற மாதிரி துப்பாக்கியை மாற்றிக் கொண்டுவந்தால் லைசென்ஸ் தரலாமா என்று போலீஸ் துரை பார்ப்பாராம்.

"ஆனா லைசென்ஸ் யார் பேர்ல? உங்க வீட்டுக்காரருக்குத்தான் விரல் இல்லையே" என்றார்.

"எனக்குப் பத்தும் இருக்கு. என் பேர்ல எழுதுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் நிறுத்தும்வரை அங்கேயே நின்றேன்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த சீட்டோடு, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் கோலாலம்பூருக்கு ரயில் ஏறினோம். முதலில் பெரிய துப்பாக்கிக் கடை. அங்கிருந்த விற்பனைக்காரர் என் கணவரைப் பார்த்தே பேசினார். நீளமான ஒரு தோட்டாவைக் காட்டி, "இதுக்கு மாத்துங்க, காட்டெருமையே விழுந்துடும்" என்றார். "இந்தப் பழைய இரும்பு அதைத் தாங்குமா?" என்று நான் கேட்டதும், துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாற்றிச் செய்து கொடுக்கிற ஆள் இதே ஊரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அவர் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்ற பஞ்சாபிக்காரர். மலாயில்தான் பேசிக்கொண்டோம். ஒரு ஈயக் கட்டியைக் குழலுக்குள் தட்டி, மறுபக்கம் எடுத்து அளந்தார். பிறகு சொன்னார்: குழலின் துவாரம் இருக்கிறபடிதான் இருக்கும், அதனால் குண்டின் பருமன் மாறாது. தோட்டா உட்காரும் அறையைக் குடைந்து பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது.

மேசையில் மூன்று தோட்டாக்களை வைத்தார். ஒன்று, கடைக்காரர் சொன்ன அதே நீளத் தோட்டா. அதற்கு நிறையக் குடைய வேண்டும், இந்தப் பழைய இரும்பு தாங்காது என்று அவரே தள்ளி வைத்தார். இன்னொன்று, கட்டைவிரல் அளவுகூட இல்லாதது. அறைக்குள் ஒரு பித்தளைக் கூட்டைச் செருகி அதைப் போடலாமாம்.

"பொம்பளைக்கு இது போதும். தோளு வலிக்காது" என்றார்.

"பன்னிக்குப் போதுமா?"

அவர் தாடியைத் தடவினார்.

"அடிபட்ட பன்னி ஓடாது, திரும்பி வரும். அப்போ என் தோளைப் பத்தி யாரு கவலைப்படுறது?" என்றேன். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தார்.

மூன்றாவது தோட்டா பழைய பட்டாளத் தோட்டா மாதிரியேதான் இருந்தது. பழையதன் உறை ஐம்பத்தேழு மில்லிமீட்டர் நீளம், இது அறுபது. அந்த மூன்று மில்லிதான் வித்தியாசம். ஜெர்மன்காரர்கள் நாட்டிலேயே பட்டாளத் தோட்டாவுக்குத் தடை வந்ததும், வேட்டைக்காரர்கள் அறையைக் கொஞ்சம் நீட்டி இதற்கு மாறிக்கொண்டார்கள் என்றார். குறைவாகவே குடைவதால் இரும்பும் அவ்வளவாகத் தேயாது.

தடை போட்டவர்களை மூன்று மில்லியில் தாண்டிப் போயிருக்கிறார்கள்! எனக்கு அந்தத் தோட்டாவை அப்போதே பிடித்துவிட்டது. ஆனாலும் கேட்டேன், "இங்க கிடைக்குமா?" பெரிய கடையில் கப்பலில் வரவழைப்பார்கள் என்றார். "அப்ப இதுதான்."

"நீங்க முடிவு பண்ணிட்டீங்களா, அவர் பண்ணலையா?" என்று என் கணவரைக் காட்டினார்.

"சுடுறது அவதான்" என்றார் என் கணவர்.

வேலை முடிந்து அழைத்தபோது போனோம். பழைய செங்கல் சூளை மண் பள்ளத்தில் துப்பாக்கியைக் கட்டையோடு கட்டி, தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுத்தார். வெடித்த உறையை எடுத்து வெயிலில் உருட்டி உருட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை. குழலின் மேல் புதுத் தோட்டாவின் அளவைக் கொத்தினார். "பழைய தோட்டா இதுக்குள்ள போகும், ஆனா போடாதீங்க. உறை கிழியும்" என்று எச்சரித்தார். கிள்ளான் திரும்பியதும், மிச்சமிருந்த பட்டாளத் தோட்டாக்களை ஸ்டேஷன் மேசையில் நானே கொட்டினேன்.

துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். துப்பாக்கியை நீட்டி, கைப்பிடியை இழுத்துக் காட்டச் சொன்னார். இழுத்தேன், பூட்டினேன், மறுபடி இழுத்தேன். அவர் நிறுத்தச் சொல்லும்வரை விடவில்லை. கிராணியின் பேனா என் பெயரை எழுதியது. அந்த லைசென்ஸைக் காட்டி, பெரிய கடையில் புதுத் தோட்டாக்கள் வாங்கி வந்தோம்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், மரவள்ளி வரிசைக்குள் பெரிய ஆண் பன்றி ஒன்று இறங்கியது. ஒரே குண்டு. தோள் கன்றிப்போய்ப் பல நாள் வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை. கறி அக்கம்பக்கத்துச் சீனர் வீடுகளுக்கும் போனது.

சேதி எஸ்டேட்டுக்கு எட்டியது. மானேஜர் ஆள் அனுப்பினார். ரப்பர்க் கன்றுகளைப் பன்றிகள் நாசம் செய்கின்றன, துப்பாக்கியை இரண்டு நாள் இரவல் கொடுக்க வேண்டுமாம்.

"துப்பாக்கி தனியா வராது. நானும் வரணும். கூலிக்காரங்க லைன் பக்கமா இல்ல, மானேஜர் வீட்டு முன்வாசல் வழியா வருவேன்னு சொல்லு."

ஆள் தயங்கித் தயங்கிப் போனார். மானேஜருக்கு அது பிடிக்கவில்லையாம். பத்துப் பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்தார். பன்றிகள் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் எஸ்டேட் மோட்டார் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. "முன்வாசலுக்கே கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றார் வண்டியோட்டி. நான் சாப்பாட்டை முடித்து, கை கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, துப்பாக்கியோடு நிதானமாகவே ஏறினேன்.