கருப்புத் தண்ணீரும் அங்கம்மாள் ஊற்றிய தண்ணீரும்

சத்யப்பிரியாவின் வலது கண்ணோரம் அரிசிக் குறுணை அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. கிட்டே வந்து பார்த்தால்தான் தெரியும். கேட்கிறவர்களிடம் அவள் மறைப்பதில்லை. "இது போயிருக்க வேண்டிய கண்ணு. ஒரு அம்மா காப்பாத்திக் குடுத்தாங்க" என்பாள்.

அவள் கடலோர ஊரான பிள்ளைச்சாவடிக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா செல்வாம்பாள் மீன் விற்பவள். வேதியியல் படித்துவிட்டுக் கொஞ்ச காலம் சும்மா இருந்த பிறகு, புதுச்சேரி ஊர்க்குப்பையெல்லாம் போய்ச் சேரும் கிடங்கில் அவளுக்கு வேலை கிடைத்தது. மீன் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு நாற்றம் ஒரு பொருட்டா என்று நினைத்துத்தான் போனாள். முதல் வாரம் சோறு இறங்கவில்லை.

குப்பைமேட்டின் மேல் பெய்கிற மழை அதற்குள்ளேயே ஊறி, அடிவழியாகக் கசிந்து வெளியே வரும். கெட்டியான காப்பி டிகாக்‌ஷன் நிறம். மூக்கை அரிக்கும் நெடி. அதைப் பெரிய குட்டையில் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்கு ஏற்றிச் சுத்தம் செய்வதுதான் அவள் வேலை. முதலில் அமிலம் விட்டுப் புளிப்பாக்குவார்கள். பிறகு அன்னபேதி என்கிற இரும்பு உப்பு. அதன் பின், மேலே பட்டால் தோலைப் பொசுக்கும் பெராக்சைடு திரவம். அது இறங்கியதும் தொட்டி பொங்கி நுரைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கை அது உள்ளேயே எரித்துவிடுகிறது என்று சொல்லலாம், நெருப்பில்லாத எரிப்பு. கடைசியில் சுண்ணாம்பு போட்டால் துருநிறச் சேறு அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீர் வெளுத்திருக்கும். குடிக்க ஆகாது, மணல், கரி வழியாக வடிகட்டி மரங்களுக்கு விடுவார்கள். கருப்பு வெளுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

ஆனால் மழைக்காலத்தில் குட்டை நிரம்பிவிடும். கரை தாண்டி வழிகிற தண்ணீர் நேரே அங்கம்மாளின் கொல்லைக்குப் போகும். வேலிக்கு அந்தப் பக்கம் கனகாம்பரம் பயிர் வைத்திருந்தவள் அங்கம்மாள். ஐம்பதைத் தாண்டியவள், கணவன் இல்லை. அவளுடைய பழைய ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது என்று கொல்லையின் மறுகோடியில் புதிதாக ஒன்று போட்டிருந்தாள். ஒவ்வொரு மழைக்கும் கேட்டில் வந்து நின்று கத்துவாள்.

"பூவெல்லாம் கருகிப் போச்சு! யாருடி பதில் சொல்றது?"

"எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்புறேன்."

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் இங்க கத்திக்கினு நிக்கிறேன்?"

சத்யப்பிரியா உள்ளே போய்விடுவாள். தன் கையில் என்ன இருக்கிறது என்று நினைப்பாள்.

ஒரு கார்த்திகை மாதம், விடாத மழை. குட்டை தளும்பிக்கொண்டிருந்தது. பெராக்சைடை ஏற்றும் குழாயின் இணைப்பு லேசாகக் கசிவது போலிருக்க, சத்யப்பிரியா குனிந்து பார்த்தாள். போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடி ஆவி படர்ந்து மங்கியிருந்தது. துடைக்கலாம் என்று கழற்றிய அந்த நேரம் பார்த்து இணைப்பு தெறித்தது.

முகத்தில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. தட்டுத் தடுமாறிக் கண் கழுவும் குழாயடிக்கு ஓடித் திறந்தாள். இரண்டு சொட்டு விழுந்து நின்றது. காலையில் மோட்டார் கெட்டு, மேல்தொட்டி காலியாகியிருந்தது. அவளோடு வேலை பார்க்கும் விமல்ராஜ் அலறிக்கொண்டு ஓடிவந்தான். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றினான். அது எம்மாத்திரம்?

அன்றைக்கும் சண்டை போடத்தான் அங்கம்மாள் வந்திருந்தாள். அலறல் கேட்டு உள்ளே நுழைந்தவள் எதுவும் கேட்கவில்லை. சத்யப்பிரியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வேலியில் ஆள் நுழைகிற சந்து வழியாகத் தன் கொல்லைக்கு ஓடினாள். புதுக் கிணற்றின் மோட்டாரைப் போட்டாள். சிமெண்டுத் தொட்டி ஓரத்தில் அவளைச் சாய்த்து, சொம்பு சொம்பாக ஊற்றத் தொடங்கினாள்.

"கண்ண மூடாத! தொறடி!"

"முடியலம்மா... எரியுது..."

"எரியட்டும். நான் புடிச்சிக்கிறேன்." இமைகளை விரலால் விரித்துப் பிடித்தாள். அந்த விரல்களும் பெராக்சைடு பட்டு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தன. அவள் கையை எடுக்கவில்லை. விமல்ராஜ் வண்டி பிடித்து வரும் வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வண்டி வந்த பிறகும், குடத்தில் தண்ணீரோடு கூடவே ஏறிக்கொண்டு, வழியெல்லாம் ஊற்றினாள்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, "உடனே இவ்வளவு தண்ணி ஊத்தலன்னா இந்தக் கண்ணு இருக்காதும்மா. யாரு ஊத்துனது?" என்று கேட்டார். நனைந்த சேலையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்த அங்கம்மாளை விமல்ராஜ் காட்டினான். சேதி கேட்டு ஓடி வந்திருந்த செல்வாம்பாள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கண் ஆறி வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. வேலைக்குத் திரும்பும் முன்பு, அம்மா கொடுத்தனுப்பிய வஞ்சிரத்தோடு சத்யப்பிரியா அங்கம்மாள் வீட்டுக்குப் போனாள். நேரே காலில் விழப் போனாள்.

"ஏந்திரு, ஏந்திரு. கண்ணு நல்லாத் தெரியுதா?"

"தெரியுது பெரிம்மா."

"அப்ப வா, ஒண்ணு காட்டுறேன்."

கொல்லைக்கு அழைத்துப் போனாள். அந்த மழையில் குட்டை வழிந்து, பாதிக் கொல்லை கருகிக் கிடந்தது. தனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இது நடந்திருக்கிறது என்பது சத்யப்பிரியாவுக்கு உறைத்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் பாப்பா. அந்தத் தண்ணி இந்தப் பக்கம் வராம பாத்துக்க. அது போதும்."

மறுநாளே அவள் பொறியாளர் ஹரிகிருஷ்ணனிடம் போனாள். கோடையில் குட்டையில் தண்ணீர் இறங்கியிருக்கும், அவசரம் இல்லை என்று தொட்டியைப் பாதி நாள் ஓட்டுவதில்லை. மழை வந்த பிறகுதான் பெராக்சைடே வரும். அதுதான் வழக்கம். "கோடை பூரா ஓட்டுவோம் சார். மழைக்கு முன்னாடி குட்டை காலியா இருக்கணும்" என்றாள்.

"கோடையில அது இன்னும் கெட்டியா இருக்குமேம்மா. நொர தாங்காதே?"

"கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பாக்குறேன் சார். ஜாடியில வச்சு மொதல்ல பாத்துடுறேன்."

அவர் தட்டிக் கழிக்கக்கூடிய இடம்தான் அது. தட்டிக் கழிக்கவில்லை. மேலிடத்தில் பேசி முன்கூட்டியே சரக்கு வரவழைத்தார். குழாய் இணைப்புகளை மாற்றினார். கண் கழுவத் தனித் தொட்டி வைத்தார். கரையை உயர்த்த மண் அடித்தார். "கண்ணாடியக் கழட்டுனதுக்கு சார் நெனச்சிருந்தா என்னைய வீட்டுக்கு அனுப்பிருக்கலாம்" என்று சத்யப்பிரியா இன்றைக்கும் சொல்வாள். அந்தக் கோடையில் நுரை இரண்டு முறை தொட்டியைத் தாண்டிப் பொங்கியது. அவளும் விமல்ராஜும் மாறி மாறி நின்று, எந்த அளவுக்கு எவ்வளவு மெதுவாக விடுவது என்று பிடிபடும் வரை பார்த்தார்கள்.

ஆடி மாதம் அங்கம்மாள் போன் செய்தாள். "வீராம்பட்டினம் தேருக்குப் போவணும் பாப்பா, கூட வா." தேர்க் கூட்டத்தில் நசுங்கி, அம்மன் சன்னிதிக்குப் போன பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அம்மனுக்குச் செலுத்த, கண் வடிவில் செய்த ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர்.

"யாருக்கு பெரிம்மா?"

"உனக்குத்தான். வண்டில போறப்பவே வேண்டிக்கினேன்."

சத்யப்பிரியா அழுதாள். இந்தக் கண்ணுக்கும் கண்ணீர் வருகிறதே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாவது நாள் பகலில், அவள் குடையோடு குட்டைக் கரைமேல் நடந்தாள். தண்ணீர் கரையின் பாதிக்குக் கீழேயே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு அங்கம்மாளும் தரையைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள்.

"வரல பாப்பா!" என்று மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"வராது பெரிம்மா!"

பழைய கிணற்றில் தண்ணீர் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. அது தெளியப் பல வருஷம் ஆகலாம் என்று சத்யப்பிரியா அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். கனகாம்பரம் மட்டும் மறுபடியும் பூத்து, பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறது. வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிற வழியில் சத்யப்பிரியாவே பல நாள் பூக்கூடையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பாள். அதில் ஒரு முழம் எப்போதும் செல்வாம்பாளுக்கு.