மக்கா சந்தில் ஒரு பலகை

மலாயாவின் ஈப்போ பள்ளிவாசலில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தே நரைத்தவர் மீராசா லெப்பை. 1927இல் ஹஜ்ஜுக்குப் போனவர், மக்காவின் பழைய சந்துகளில் ஆசை தீரச் சுற்றினார். ஒரு கதவில் அரபுப் பலகையைக் கண்டதும் உருகிப்போனார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ராகம் போட்டு உரக்க ஓதினார். தெருவே சிரித்தது.

ஈப்போ பக்கத்துக் கோலா கங்சாரிலிருந்து வந்து மக்காவிலேயே தங்கிவிட்ட வியாபாரி சிக்கந்தர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "வாங்க லெப்பே, போலாம். அதுல ஒட்டகத்துக்குப் புல்லு கிடைக்கும்னு எழுதியிருக்குலா!"

லெப்பைக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பலகைக்கு மட்டுமா அவருக்கு அர்த்தம் தெரியாது?

"இதுக்கு என்ன அர்த்தம், லெப்பே?" என்று ஈப்போவில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும்போது ஒருநாள் ஒரு சிறுமி கேட்டிருந்தாள். திமிரா என்று அவளைப் பிரம்பால் விளாசியிருந்தார்.