கலைமதி வெயிலில் எடுத்த படம்

ஒரு மனுசனை மொட்டை மாடியில வடகம் மாதிரி காயப்போட்டாங்கன்னா நீங்க நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும். அந்த மனுசன் நான்தான். காயப்போட்டது என் சம்சாரம் கலைமதி. பங்குனி வெயில்ல, மஞ்சத்துணி மேல, மூஞ்சியில துண்டைப் போட்டுக்கிட்டு, கையைக் காலை விரிச்சுக் கெடந்தேன். கேட்டா, படம் எடுக்கறாளாம்.

நான் மாதவராஜ். பாலக்கோட்டுல தக்காளி லோடு அடிக்கிற பிக்கப் வண்டி வெச்சிருக்கேன். கலைமதி பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பொண்ணு. ஓவியக் கல்லூரியில படிச்சவ, இங்க ஒரு ஸ்கூல்ல டிராயிங் டீச்சர். பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கே, "படம் வரையறதுக்கு எனக்குத் தனியா ஒரு எடம் வேணும்"னு நேரா கேட்டுட்டா. காரிமங்கலத்துல கட்டிக் குடுத்த எங்க அக்கா சென்னம்மாளும் கூட வந்திருந்தா. "ஏம்மா, சமையல்ரூமு பத்தாதா?"ன்னா அவ. கலைமதி சிரிச்சுக்கிட்டே, "பத்தாதுங்க அண்ணி"ன்னு சொன்னா. அந்த 'அண்ணி'யில அக்கா அப்பவே கவுந்துட்டா. வாய்தான் இன்னிக்கு வரைக்கும் அடங்கல.

வூட்டுக்குப் பின்னாடி தக்காளிப் பொட்டி அடுக்குற கொட்டாய் ஒண்ணு இருக்குது. அதுல பாதியைக் குடுத்தேன். அவ அதுக்கு ஸ்டுடியோன்னு பேர் வெச்சா. நான் கொட்டாய்னுதான் சொல்லுவேன். பாதி முக்காலாச்சு, முக்கால் முழுசாச்சு. இப்ப என் பொட்டியெல்லாம் வெளிய வானம் பார்த்துக்கிட்டு நிக்குது. அக்கா வர்றப்பல்லாம், "ஊருல பொண்டாட்டிக்கு நகை செஞ்சு போடுவான், நீ கொட்டாய் செஞ்சு போட்டிருக்கற"ன்னு குத்திக் காட்டாம போனதில்லை.

அந்தக் கொட்டாய்க்குள்ள நடந்த கூத்தைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. ஒருநாளு அழுகின தக்காளியை அரைச்சு துணியில பூசி வெச்சா. மறுநாள் படம் இல்லை, எறும்புதான் இருந்துச்சு. ஒரு வாட்டி துருப்பிடிச்ச ஆணியெல்லாம் பொறுக்கி ஈரத்துணியில சுத்தி வெச்சா. அதுல அழகா பூப்பூவா கறை எறங்கியிருந்துச்சு, நானே அசந்துட்டேன். அடுத்த வாரம் என் வண்டி ஜாக்கியைக் காணோம். எங்கடின்னு தேடினா, துணிக்குள்ள சுத்தி ஊற வெச்சிருக்கா! "ஏங்க, இதோட துரு தனிக் கலருங்க"ங்கறா. இவளை என்ன பண்றது சொல்லுங்க.

சினிமான்னா அவளுக்கு உசுரு. புதுப்படம் வந்த வெள்ளிக்கிழமை நான் எந்த லோடுல இருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள வந்து நிக்கணும். படம் முடிஞ்சு வெளிய வந்ததும் நான் சண்டையைப் பத்திப் பேசுவேன். அவ, "அந்த ஆஸ்பத்திரி சீன்ல செவுத்துல விழுந்துச்சே ஒரு வெளிச்சம், பார்த்தீங்களா?"ம்பா. நான் எங்க செவுத்தைப் பார்த்தேன்? ஆனா ஒண்ணு, அவ கூட படம் பார்த்தா ஒரு டிக்கெட்டுல ரெண்டு படம் பார்த்த மாதிரி. திரையில ஓடறது ஒண்ணு, வர்ற வழியில அவ சொல்றது இன்னொண்ணு. எத்தனையோ மொக்கைப் படம் அவ வாயால நல்ல படம் ஆயிருக்குது.

பெங்களூருக்கு லோடு போறப்ப அவளுக்கு லீவா இருந்தா முன் சீட்டுல ஏறிக்குவா. விடியக்காலம் மார்க்கெட்டுல தக்காளியை எறக்கிட்டு, ஓவியக் கண்காட்சி தெறக்கற வரைக்கும் வண்டியிலயே உக்காந்து கட்டிட்டு வந்த இட்லியைத் தின்போம். அப்புறம் தக்காளி நாத்தத்தோட ஏசி ஹாலுக்குள்ள நொழைவோம். வாட்ச்மேன் என் சட்டையை மேலயும் கீழயும் பார்ப்பான். நானும் அவனை அப்படியே பார்ப்பேன். ஒரு தடவை அங்க வெள்ளைத் துணி ஒண்ணைப் பெருசா மாட்டியிருந்தாங்க. ஜனம் தாடையில கைய வெச்சுக்கிட்டு அது முன்னாடி நிக்குது. "ஒண்ணுமே இல்லியேடி"ன்னேன். "இருக்குதுங்க, பொறுமையா பாருங்க"ன்னா. பார்த்தேன், பார்த்தேன், கண்ணுல தண்ணிதான் வந்துச்சு.

இந்த மஞ்சத்துணிக் கதை ஆரம்பிச்சது தியேட்டர்ல. இடைவேளை முடிஞ்சு படம் ஓட ஆரம்பிச்சப்போ கையில பாப்கார்னோட ஒருத்தன் நடுவுல எழுந்து நின்னான். அவன் நெழலு திரையில கதாநாயகி மூஞ்சி மேல விழுந்துச்சு. "உக்காருடா டேய்!"னு ஜனம் கத்துது, விசிலு பறக்குது. நானும் கத்தினேன். இவ மட்டும் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "ஏங்க, அந்த நெழலைப் பாருங்களேன்! அது அப்படியே அங்க ஒட்டிக்கிச்சுன்னா எப்படி இருக்கும்?"னா. ஒட்டிக்கிச்சுன்னா அடுத்த ஷோ எப்படிடி ஓட்டுவான்னு கேட்டேன். அவ காதுல விழல.

மறுநாள்ல இருந்து நெழலை ஒட்ட வெக்கிற வேலை. மஞ்சத்தூளை ஸ்பிரிட்டுல கரைச்சு, வடிகட்டி, துணியில பூசி, இருட்டுல காய வெப்பா. அது மேல ஏதாச்சும் ஒரு சாமானை வெச்சு வெயில்ல போடுவா. வெயிலுக்கு மஞ்சள் வெளுத்துப் போகுமில்ல? சாமான் மறைச்ச எடம் மட்டும் வெளுக்காம நிக்கும். அவ்வளவுதான் வித்தை. கரண்டி, கதிரறுவா, என் செருப்புன்னு ஒண்ணு விடல. வூட்டு மஞ்சளெல்லாம் துணிக்கே போனதுல எங்க சாம்பாரு வெளுத்துப்போச்சு. அதையும் ஊத்திச் சாப்பிட்டேன்.

அப்புறம்தான் அந்த ஞாயித்துக்கெழம. லோடு எறக்கிட்டு வந்து கண்ணு சொக்கிக் கெடக்கறேன். "ஏங்க, ஒரு ரெண்டு மணி நேரம் மாடியில வந்து படுக்கறீங்களா?"ன்னு கொஞ்சறா. போனா, மாடி பூரா மஞ்சத்துணி. "ஒரு ஆளுக்கு எதுக்குடி இம்மாம் அகலம்?" "ஓரம் வேணுங்க"ன்னா. அசையக் கூடாதாம், குடை கூடாதாம். மூஞ்சிக்கு ஒரு துண்டு, அதுதான் பெரிய சலுகை. படுத்தவன் அப்படியே தூங்கிட்டேன். எழுப்பறப்ப முதுகு தோசைக்கல்லுல கெடந்த மாதிரி காயுது. அவ கையில மோர் டம்ளரோட நிக்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "நான் இங்க கருகறேன், நீ நெழல்ல உக்காந்து மோர் குடிச்சுக்கிட்டு இருந்தியா?"ன்னு கத்திட்டேன். துணியை அவசர அவசரமா சுருட்டிக் கொட்டாய்க்குள்ள கொண்டுபோயிட்டா. அந்த வாரம் பூரா அவ மூக்குத் தோலு உரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கேட்டதுக்கு ஸ்கூல்ல விளையாட்டு விழான்னா.

படம் வந்துச்சான்னு கேக்கறீங்களா? அங்கதான் சிக்கலே. துணி வெளுத்த மஞ்சள், உருவம் அதைவிடக் கொஞ்சூண்டு கூடுன மஞ்சள். கிட்டப் போய் உத்துப் பார்த்தா ஏதோ கலங்கலா இருக்குது, ரெண்டடி தள்ளி நின்னா வெறும் துணி. படிகாரத் தண்ணி தெளிச்சுப் பார்த்தா, புளித்தண்ணி தெளிச்சுப் பார்த்தா, உப்புப் போட்டுப் பார்த்தா. ஒண்ணுத்துக்கும் அசையல. கடைசியில ஒருநாளு சோத்துல கையை வெச்சுக்கிட்டே சொன்னா: "சித்திரையில நம்ம கொட்டாயிலயே ஒரு கண்காட்சி வெக்கறேங்க. நம்ம ஜனம் வந்து பார்க்கட்டும். யாருக்கும் ஒண்ணும் தெரியலன்னா எல்லாத்தையும் மடிச்சு வெச்சுடறேன். கொட்டாயை நீங்களே எடுத்துக்குங்க, பொட்டி அடுக்க எடம் இல்லாம தவிக்கறீங்க." சொல்லிட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கவே இல்லை. கொட்டாய் வேணும்னு தெனமும் பொலம்பினவன் நான்தான், ஆனா அவ குடுக்கறேன்னு சொன்னதும் தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்துட்டேன்.

கண்காட்சி அன்னிக்கு மண்டி ஆளுங்க வந்தாங்க, ஸ்கூல் டீச்சருங்க வந்தாங்க, தெருவே வந்துச்சு. டீயும் போண்டாவும் குடுத்தோம். சின்னத் துணிங்களை ரெண்டு பக்கமும் கயித்துல கட்டி, பெரிய துணியைப் பின்செவுத்துல தரையைத் தொடற மாதிரி தொங்க விட்டிருந்தா. எல்லாரும் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. மண்டிக் கணக்கப்புள்ளை காளியப்பனை ஓரமா கூப்பிட்டு, "எப்படிண்ணா?"ன்னு கேட்டேன். "போண்டா பிரமாதம் மாதவா"ன்னுட்டாரு. எனக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

கலைமதி பெரிய துணிகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனா. "உங்களுக்காச்சும் தெரியுதாங்க?"

"தெரியாம என்ன? நல்லா தெரியுது."

"என்ன தெரியுது?"

"நான்தான். கையை விரிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"வேற?"

"வேற என்ன?"

அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. இல்லாததைத் தெரியுதுன்னு சொன்னதைக் கண்டுபுடிச்சுட்டா போலன்னு நெனைச்சேன்.

அந்த நேரம் பார்த்து எங்க அக்கா வந்து எறங்கினா. காரிமங்கலம் பஸ்சு லேட்டாம். வந்ததும் வராததுமா, "எங்கடா படம்? துவைச்ச துணியெல்லாம் காயுது, எடுத்து உள்ள வெச்சுட்டுப் படத்தை மாட்டுங்க"ன்னா. நாலு பேர் சிரிச்சுட்டாங்க. கலைமதி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதைப் பார்த்ததும் அக்காவுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பேச்சை மாத்தி, "சரி சரி, நல்ல காரியம் ஆரம்பிச்சிருக்கீங்க, நாத்தனார் நானு வந்து ஆலம் சுத்தாமயா?"ன்னு சமையக்கட்டுக்குள்ள பூந்துட்டா.

போனவ தாம்பாளமும் கையுமா கத்திக்கிட்டே வர்றா. "ஏ கலை! என்ன வூடுடி இது? சுண்ணாம்பு இருக்குது, மஞ்சத்தூளு ஒரு சிட்டிகை இல்லை! மஞ்சள் இல்லாம ஆலம் எப்படிச் சிவக்கும்?" தட்டுல வெறும் சுண்ணாம்புத் தண்ணி வெள்ளையா கெடக்குது. மஞ்சள் பூரா துணியில இருக்குது அண்ணின்னு கலைமதி முணுமுணுத்தா. "துணியில இருக்குதா? அப்ப அதுல இருந்தே எடுத்துக்கறேன், போ"ன்னு அக்கா நேரா பெரிய துணிகிட்ட போனா. கீழ் ஓரத்தைக் கொத்தா புடிச்சா. "அண்ணி, வேண்டாம்!"னு கலைமதி ஓடறதுக்குள்ள தாம்பாளத்துல முக்கிப் பிழிஞ்சுட்டா.

பிழிஞ்ச எடத்தை விட்டதும் துணி விரிஞ்சுது. வெளுத்துக் கெடந்த துணியில ரத்தச் செவப்பா ஒரு பாதம். அஞ்சு வெரலும் தனித்தனியா.

அக்காதான், "அய்யய்யோ! இது எங்க மாதவன் காலுடா! கட்டை வெரலு கோணல் பாரு!"ன்னு அலறினா.

கலைமதி வாயில கையை வெச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதே இல்லை. "சுண்ணாம்பு! சுண்ணாம்புங்க! எத்தனை ஆலம் கரைச்சிருப்பேன் இந்தக் கையால, இது தோணல பாருங்களேன்!" வெயில் தின்ன எடத்துல மஞ்சளோட சத்து போயிடுச்சு, அங்க சுண்ணாம்பு பட்டா ஒண்ணும் ஆகாது. நெழலு காப்பாத்தி வெச்ச எடம் மட்டும் சிவக்கும். படிகாரம் தேடி, புளி தேடி ஓடினவ, விசேசத்துக்கு விசேசம் வாசல்ல கண்ட செவப்பைப் படத்துக்குன்னு நெனைக்கவே இல்லை. ஆலம்னா கல்யாணத்துக்கு, கொழந்தைக்கு, புது வூட்டுக்குன்னே பழகின கண்ணு, என்ன பண்ணும்?

தாம்பாளத்தைப் புடுங்கி, ஒரு பழந்துணியை நனைச்சு, ஒத்தி ஒத்திக் கீழ இருந்து மேல போனா. முழங்கால் வந்துச்சு. தொப்பை வந்துச்சு, கொட்டாயே குலுங்கிச் சிரிச்சுது. கை வந்துச்சு, தோள் வந்துச்சு, தலை வந்துச்சு. மண்டி ஆளுங்க விசிலடிக்கறாங்க, காளியப்பண்ணன் போண்டாவைக் கீழ வெச்சுட்டுக் கைதட்டறாரு. எனக்கு வெக்கமும் சந்தோசமும் தாங்கல. போதும் வாடின்னேன்.

அவ நிறுத்தல. துணியை மறுபடி நனைச்சு, எனக்குப் பக்கத்துல இருந்த வெறும் எடத்துல ஒத்தினா. நான் ஓரம்னு நெனைச்ச எடம்.

அங்க இன்னொரு பாதம் சிவந்துச்சு. சின்னப் பாதம். அப்புறம் சீலைக் கொசுவம். அப்புறம் நீளமா ஒரு சடை, என் தோள் பக்கம் விழுந்து கெடக்குது. கடைசியா ஒரு கை. அந்தக் கையோட வெரலு என் வெரலைத் தொடறாப்பல வந்து நிக்குது.

"அடிப்பாவி!"ன்னு அக்கா நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டா. "நீயுமா அந்த வெயில்ல கெடந்த?"

"அவரு மட்டும் கருகலாமா அண்ணி?"

மோர் டம்ளரு ஞாபகம் வந்துச்சு. உரிஞ்ச மூக்கு ஞாபகம் வந்துச்சு. நான் தூங்கின தூக்கத்துல, மூஞ்சிக்கு ஒரு துண்டு கூட இல்லாம, என் பக்கத்துலயே கெடந்திருக்கா. "ஏன்டி சொல்லல?"ன்னு மட்டும் கேட்டேன்.

"நீங்களே பார்த்துச் சொல்லணும்னு இருந்தேன்"னா.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "சரி, கெழக்கப் பார்த்து நில்லுங்க ரெண்டு பேரும்"னு அதட்டினா. துணியை முக்கி முக்கித் தாம்பாளத்துத் தண்ணியும் இதுக்குள்ள நல்லா சிவந்துபோயிருந்துச்சு. அதையே எங்களுக்குச் சுத்தி, பொட்டு வெச்சா. பின்னால செவுத்துல இருந்த அந்த ரெண்டு பேருக்கும் வெச்சா. அடுத்த ஞாயித்துக்கெழம மாமாவையும் காரிமங்கலத்துல இருந்து இழுத்துட்டு வர்றாளாம், மாடியில எடம் போட்டு வெக்கணுமாம்.

பெரிய துணி கொட்டாயிலதான் தொங்குது. பொட்டியெல்லாம் வெளியதான் நிக்குது, நனைஞ்சா நனையட்டும். காத்துல காயக் காய அந்தச் செவப்பு மெல்ல மங்கி மறுபடி மஞ்சளாயிடுது. லோடு போயிட்டு வந்ததும் நானே ஒரு கிண்ணியில சுண்ணாம்பைக் கரைச்சு எடுத்துட்டுப் போய் ஒத்தி விடறேன். மொதல்ல அவ பக்கம். அப்புறம்தான் நான்.