நின்றபடி ஜெபித்தவர்

கோயிலில் எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது ஒருவர் மட்டும் நிமிர்ந்து நின்றால் எப்படி இருக்கும்? எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு மாதமாக இதுதான் பேச்சு. நின்றவர் யாக்கோபு. சிராங்கூன் ரோட்டு மாட்டு வண்டிக்காரர். துறைமுகத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருபவர்.

போன மாதம் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்ததே... தெருவெல்லாம் சுண்ணாம்புத் தூள் நாற்றம், மறந்திருக்க மாட்டீர்கள். யாக்கோபுவின் காளைகள் ஒன்று விடாமல் போயின.

அந்த ஞாயிறு பார்த்தா பாதிரியார் எகிப்தின் வாதைகளைப் பிரசங்கிக்க வேண்டும்? கடவுளையே எதிர்த்த பார்வோன், அவனுடைய ஆணவம், அதற்குத் தண்டனையாக எகிப்தின் மாடுகள் செத்தது... உருக்கமாகத்தான் பேசினார். பின்வரிசையில் யாக்கோபு எழுந்தார்.

"ஐயா, திமிர் பிடிச்சவன் பார்வோன். மாடு என்னய்யா பண்ணுச்சு?"

பிரசங்கத்துக்கு நடுவே கேள்வியா! விசிறிகள்கூட நின்றுவிட்டன. பாதிரியார் நேராக ஜெபத்துக்குப் போய்விட்டார். எல்லோரும் முழங்கால்படியிட்டோம். யாக்கோபு நின்றார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார் - நின்றார்.

கமிட்டி கூடியது. "இவருதான் நம்ம ஊர்ப் பார்வோன். இருதயம் கல்லாப் போச்சு" என்றார் செயலாளர். யாக்கோபுவின் மகள் ரெபேக்காளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பினாங்கில் கிளார்க். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்ட பிறகுதான் எங்களில் தாலி கட்டுவார்கள். அப்பா முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்கும்வரை ஓலை வாசிக்கக் கூடாது என்று தீர்மானம். ஓலை நின்றால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா?

பாதிரியார் நல்ல மனிதர். ஒருநாள் மாலை என்னையும் கூட்டிக்கொண்டு யாக்கோபுவின் கொட்டகைக்குப் போனார். வெறும் முளைக்குச்சிகள். காளைகளின் சலங்கைகளைக் கழுவிக் காயவைத்திருந்தார்.

"மகளுக்காகவாவது மண்டி போடக் கூடாதா, யாக்கோபு?"

"போடலாம் ஐயா. அது மகளுக்காகப் போட்டதாத்தானே ஆகும்? ஆண்டவருக்கு இல்லையே."

"இவ்வளவு கோவம் இருந்தா எதுக்குக் கோயிலுக்கு வர்றீங்க?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"வேற யாருகிட்டப் போய்க் கேக்கறது? வெள்ளைக்காரத் துவான் வந்தாரு, செத்ததைப் பார்த்தாரு, போயிட்டாரு. பக்கத்துக் கொட்டகையில காதர் பாய் மாடும் போச்சு. அவரும் பள்ளிவாசல்ல போய்த்தான் அழுவுறாரு. எங்க மயிலைக் காளை... கடைசியா என் மடியிலதான்யா தலைய வச்சுச்சு."

காப்பி கொண்டுவந்த ரெபேக்காள், "அப்பா எனக்காக மண்டி போட வேணாம்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாதிரியார் காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். எழும்போது சொன்னார்: "நானும் அந்த மாடுகளைப் பத்தி யோசிச்சதே இல்ல."

திரும்பும் வழியெல்லாம் எனக்கும் அதே யோசனை. வேதத்தில் கடவுளோடு மோதியவர்கள் எத்தனை பேர்! வானத்தைத் தொடக் கோபுரம் எழுப்பியவர்கள், என் நகரத்தைப் பார் என்று மார்தட்டிக் கடைசியில் புல் தின்ற ராஜா... எல்லோருக்கும் கடவுளுடைய நாற்காலிமேல்தான் கண். யாக்கோபு நாற்காலியா கேட்கிறார்? பதில் கேட்கிறார். பதில் வரும் என்று நம்புகிறவர்தானே வாரம் தவறாமல் வந்து நிற்பார்?

போன ஞாயிறு பாதிரியார் ஓலையை வாசித்தேவிட்டார். செயலாளர் பலமாக இருமினார். "தடை சொல்பவர் உண்டா?" - மொத்தச் சபையும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தது. மனிதர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

பிறகு ஜெபம். "முழங்கால்படியிடுவோம்" என்ற பாதிரியார் சற்று நிறுத்தி, "நிற்கிறவர்கள் நின்றபடியே ஜெபிக்கலாம்" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல். ரெபேக்காள்தான்.

ஒரு கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தேன். யாக்கோபு நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனால் உதடுகள் அசைந்தன. சண்டையா, ஜெபமா... அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

அடுத்த மாதம் எங்கள் பார்வோன் வீட்டில் கல்யாணம். நான் பெண் வீட்டுக்காரன்!